மூடி உடைந்த நீலம்

"வௌக்கு எப்போ அணையும்னு பாத்துகினு குந்தறதுக்கா இத்தினி வருசம் படிச்சே?"

அண்ணன் இதைக் கேட்க ஆரம்பித்தபோது சோற்றுத் தட்டு அவன் கையில் இருந்தது. கேட்டு முடித்தபோது அது சுவரில் மோதிக் கீழே கிடந்தது. சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடு அது. அந்தச் சுவர் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் நெத்திலிக் குழம்பின் கறை மஞ்சளாக அங்கேயே நின்றது.

"ஆமாண்ணா. எது மொதல்ல அணையுது, எது அணையாம நிக்குதுன்னு பாக்கறதுதான் என் வேலை" என்றேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. காது கொஞ்ச நேரம் இரைந்தது. ஆனால் நான் சொன்னது சரியான பதில். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் குப்பம் கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடற்கரையில். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அண்ணன் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் படகில் ஏறியிருந்தான். அம்மா மீன் கூடையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவாள். குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை போன முதல் ஆள் நான். பிறகு காலேஜ், பிறகு எம்.எஸ்சி. வேதியியல், பிறகு தாம்பரம் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் புராஜெக்ட் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது 'இதோட போதும்' என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் அடுத்த நாள் காலை பஸ் ஏறினேன்.

அந்தப் புராஜெக்ட் ஒரே ஒரு நிறத்தைப் பற்றியது. சில கார்பன் சேர்மங்களைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலமாகக் கண்ணாடியில் பூசி மின்சாரம் கொடுத்தால், அந்தப் படலமே ஒளிவிடும். பின்னால் விளக்கு தேவையில்லாத செல்போன் திரைகளும் டிவிகளும் இப்படித்தான் வரப்போகின்றன என்று அப்போது பேசிக்கொண்டார்கள். சிவப்பு ஒழுங்காக இருந்தது. பச்சை ஒழுங்காக இருந்தது. நீலம்தான் செத்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச காலம் அழகாக எரியும். பிறகு மங்கும். மங்குவதற்கு முன்பே நிறம் கெட்டு, பாசி பிடித்த தண்ணீர் போலப் பச்சையாகிவிடும்.

நீலத்துக்கு மட்டும் ஏன் இந்த ஆயுள் என்பதைப் படித்தபோது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் கரையில் பிறந்தவளுக்கு அது புரியாமல் போகாது. சிவப்பு ஒளிக்குக் கொஞ்சம் ஆற்றல் போதும். நீலத்துக்கு நிறைய வேண்டும். அவ்வளவையும் ஒரு மூலக்கூறுக்குள் ஏற்றினால் அது ஒளியாக வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால் இருக்கிற இடத்தை உடைக்கும், ஏனென்றால் அந்த மூலக்கூறின் சொந்தப் பிணைப்புகளை முறிக்கவே அந்த ஆற்றல் கிட்டத்தட்டப் போதும். ஆற்றல் ஏறிய இரண்டு மூலக்கூறுகள் பக்கத்தில் வந்துவிட்டால், ஒன்று தன்னிடம் இருப்பதையும் சேர்த்து மற்றதன் தலையில் இறக்கும். அது கிழிந்துபோகும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அழகான வெளிச்சம். உள்ளே ஓயாத அடிதடி.

அடிதடி எனக்குப் புதிதில்லை. எங்கள் குப்பத்தில் படகு ஏற்றும் இடத்துக்குச் சண்டை, ஏலத்தில் சண்டை, குழாயடியில் சண்டை. துடுப்பால் மண்டையைப் பிளந்துகொண்டு, தையல் போட்ட தலையோடு மறுநாள் ஒரே படகில் போவார்கள். ஆனால் ஒரு சட்டம் இருந்தது. ஆளை அடிக்கலாம். வலையை அறுக்கக் கூடாது.

நான் பள்ளியில் படிக்கும்போது ஒருவன் தன் மச்சானோடு ஏற்பட்ட தகராறில் அவன் வலையைக் கத்தியால் கிழித்துவிட்டான். ஊரே திரண்டது. தலைமுடியைப் பிடித்து மணலில் இழுத்துவந்து அம்மன் கோயில் முன்னால் போட்டு மிதித்தார்கள். வலையைக் கண் கண்ணாக அவனே முடிந்து கொடுக்கும்வரை கடலுக்குப் போகக் கூடாது என்று தீர்ப்பு. அவன் குனிந்து உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததைப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அதே ஆள் கொஞ்ச நாள் முன்னால்தான் பொண்டாட்டி கையை முறித்திருந்தான். அப்போது ஒருவரும் வீட்டைவிட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் ஒரு பேராசிரியை. நாங்கள் மேடம் என்போம். சிட்லபாக்கத்தில் வீடு, ஸ்கூட்டியில் வருவார், குரலை உயர்த்த மாட்டார். எனக்கு முன்பே சேர்ந்த ஆய்வாளர் ஒருவரும் இருந்தார். மற்ற மாணவர்கள் அவரை அண்ணா என்று கூப்பிட்டார்கள். எனக்கு வீட்டில் இருக்கிற அண்ணனே போதும் என்று நான் சார் என்று கூப்பிட்டேன்.

புராஜெக்ட் முடிய இருந்தது. அதன் பிறகு மேடம் ஒருவரைத்தான் பி.எச்டி.க்கு எடுத்துக்கொள்ள முடியும். "நீலத்தை நிக்க வெச்சுக் காட்டு, எடுத்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். வீட்டில் அண்ணன் வேறு ஏற்பாடு செய்திருந்தான். பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவர் வீட்டில் என்னைப் பேசி முடித்திருந்தான். புராஜெக்ட் முடிந்ததும் கல்யாணம். ஆகவே நீலம் செத்தால் நானும் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நீலப் பாலிமரை ஒரு வெள்ளைப் பொடியிலிருந்து செய்வோம். அந்தப் பொடியின் மூலக்கூறில், நடுவே ஒரு கார்பனில், இரண்டு ஹைட்ரஜன்கள் ஒட்டியிருக்கும். இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு நீளச் சங்கிலிகளைக் கட்ட வேண்டும். ஒரு ஹைட்ரஜன் தப்பிவிட்டால் அந்த இடத்தில்தான் பிற்பாடு ஆக்சிஜன் வந்து உட்காரும். உட்கார்ந்த இடம் பச்சையாக ஒளிரும். மற்ற மூலக்கூறுகளெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. ஆற்றல் எங்கெங்கிருந்தோ ஓடிவந்து அந்தக் குழியில் விழுந்துவிடும்.

சார் தயாரித்த பொடி சுத்தம் என்று கருவிகள் காட்டின. நான் நம்பவில்லை. ஒரு சிட்டிகையைக் கரைத்து அதில் வலுவான காரம் ஒன்றைப் போட்டேன். தப்பிய ஹைட்ரஜன் எங்கேயாவது இருந்தால் அந்தக் காரம் அதைப் பிய்த்தெடுக்கும், கரைசல் நிறம் மாறும். ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர் போலவே இருக்க வேண்டும். குடுவை செம்மஞ்சளாகி, பிறகு மீன் செவுளைத் திறந்தால் தெரியுமே, அந்தச் சிவப்புக்குப் போனது.

"அது ரொம்பக் கொஞ்சம்மா. கணக்குலயே வராது" என்றார் சார்.

"கணக்குல வராததுக்கு இவ்வளவு கலரா சார்?"

நான் பொடி முழுவதையும் அப்படிக் காரத்தில் போட்டு, சிவந்ததை வடிகட்டும் குழாயில் பிடித்து நிறுத்தி, வெள்ளையை மட்டும் கீழே இறக்கி, மறுபடி படிகமாக்கினேன். மறுபடி காரம். மறுபடி சிவப்பு, முன்னைவிட வெளிறி. மறுபடி வடிகட்டல்.

"என்னம்மா, மீன் கழுவற மாதிரி இத்தனை தண்ணி விடற?"

"உங்க வீட்ல கழுவாமயே குழம்பு வைப்பாங்களா சார்?"

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நேரே மேடத்திடம் போய், ஒவ்வொரு கழுவலிலும் பொடியில் பெரும்பகுதி வீணாகிறது என்றார். அது உண்மைதான். மேடம் இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவர் பொடியில ஒரு செட் போடு. உன் பொடியில ஒரு செட் போடு. ஒரே பெட்டியில ஒண்ணா ஓட்டு. நீலமே சொல்லட்டும்."

பாலிமர் செய்யும் வழியில் பியூட்டைல் லித்தியம் என்ற திரவம் வேண்டும். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக் குடுவைக்குள் செலுத்த வேண்டும். அன்று சிரிஞ்சின் தண்டு பின்னால் வழுக்கி வெளியே வந்துவிட்டது. என் மணிக்கட்டில் சிவந்த நாக்கு ஒன்று எழுந்தது. கையுறை உருகித் தோலோடு ஒட்டியது. யாரோ கதவைத் திறந்துகொண்டு ஓடும் சத்தம் கேட்டது. நான் மணல் வாளிக்குள் கையை முழங்கைவரை சொருகிக்கொண்டு, மற்றக் கையால் மேசையில் எரிந்துகொண்டிருந்ததன் மேல் மணலை வாரி அடித்தேன். தீ அணைந்த பிறகு சார் தீயணைப்பானோடு திரும்பி வந்தார்.

"ஓடிட்டேன்னு நெனைக்காத. இதை எடுக்கத்தான் போனேன்" என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே சார்."

கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குப் போனேன். அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் கேட்டார், "இன்னா வேலைடீ அது? ஆபீசா?"

"இல்லக்கா. வெளிச்சத்த அளக்கற வேலை. இருட்டு ரூம்புலதான் செய்ய முடியும்."

"தனியாவா?"

"இல்லக்கா, சார் ஒருத்தரு கீறாரு."

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். மீன் விற்பதும் வலை பின்னுவதும் படகு செதுக்குவதும் பட்டப்பகலில் நாலு பேர் பார்க்க நடக்கும் ஊர் அது. இருட்டு தேவைப்படுகிற நல்ல வேலை ஒன்று இருக்க முடியும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இருட்டு ரூம், ஒரு ஆம்பளை, கையில் கட்டு. இந்த மூன்றும் சேர்ந்து குப்பத்தைச் சுற்றி, பக்கத்துக் குப்பத்தில் ஏலக்காரர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து அண்ணன் காதுக்குத் திரும்பி வந்தன.

அப்போது எங்கள் இரண்டு செட்டும் இருட்டறையில், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு கண்ணாடி. காற்றுப் படாமல், நைட்ரஜன் நிரப்பிய வேறொரு பெட்டிக்குள் வைத்தே மேலே இன்னொரு கண்ணாடியை மூடிபோல ஒட்டியிருந்தோம். சார் பொடியில் செய்ததற்கு அடையாளமாக மூலையில் ஒரு கீறல். என்னுடையதற்கு இரண்டு. மூடிப் பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சாருடையதும் பச்சையாகாமல் நின்றது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய இன்னும் மாதக்கணக்கில் ஓட்ட வேண்டும். புராஜெக்டிடம் அவ்வளவு காலம் இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒரே நீலம். எனக்கு அந்த நீலத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் இருட்டறைக் கதவை யாரோ எட்டி உதைத்தார்கள். தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. வெளிச்சத்தோடு அண்ணன் உள்ளே வந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். காலில் மணல் இருந்தது.

"இருட்டு ரூம்புல உனுக்கு இன்னாடா வேலை, அவகூட?"

சார் வாயைத் திறப்பதற்குள் மூக்கில் குத்து விழுந்தது. கண்ணாடி பறந்தது. நான் நடுவில் போனேன். என் பின்னலைப் பிடித்துச் சுழற்றிச் சுவரில் மோதினான். கட்டுப்போட்ட கை சுவரில் பட்டதும் எனக்குக் கண் இருண்டது. திரும்பிப் பார்த்தபோது அவன் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இதானாடி அந்த வௌக்கு?"

"அண்ணா, அத்த தொடாத. என்னை இன்னா வேணா பண்ணு. அத்த தொடாத."

தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடித்தான். பலகை பிளந்தது. கம்பிகள் அறுந்தன. கண்ணாடிகள் சிதறி ஓடின. அவற்றின் மேல் ஏறி மிதித்தான், பாதம் கிழிந்து ரத்தம் வந்த பிறகும் மிதித்தான். குடுவையைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி என் பக்கத்தில் இருந்தது. கம்பியைக் கழற்றி எடுத்து அவன் தோளில் அடித்தேன். அவன் நம்ப முடியாமல் திரும்பினான். மறுபடி அதே தோளில் அடித்தேன். உட்கார்ந்துவிட்டான். அதற்குள் வாட்ச்மேன்கள் வந்து அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள்.

நான் அவனைப் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டுக் கண்ணாடிகளைப் பொறுக்கினேன். பல தூள். ஆனால் சிலவற்றில் அடிக்கண்ணாடி முழுசாக இருந்தது, மேல் மூடி மட்டும் விரிசல் விட்டிருந்தது. ஒரு கீறல் போட்டவையும் இருந்தன, இரண்டு கீறல் போட்டவையும் இருந்தன. ஒரு கீறலைத் தனியாகவும் இரண்டு கீறலைத் தனியாகவும் பிரித்து வைத்தேன். பிறகு எழுந்து கம்பிகளைத் தேடினேன்.

மேடம் ஓடி வந்தார். "முதல்ல போலீஸுக்கு ஃபோன் போடுங்க" என்றார்.

"மேடம், பவர் சப்ளை வேணும். இப்பவே."

"என்னம்மா சொல்ற?"

"எல்லா மூடியும் ஒரே நேரத்துல உடைஞ்சிருக்கு மேடம். எல்லாத்துக்கும் ஒரே காத்து. மாசக்கணக்குல தெரிய வேண்டியது இப்போ தெரிஞ்சிடும். லேட் பண்ணா போயிடும்."

மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சார் கத்தினார், "பைத்தியமா நீ? காத்து பட்டதெல்லாம் பொணம்!"

"பொணமான்னு பாத்துடலாம் சார்."

மேடம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரே போய் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்.

இருட்டில் எல்லோருடைய மூச்சும் கேட்டது. அண்ணனுடையதுதான் பெரிது. கண்ணாடிகளை வரிசையாக வைத்து, கவ்விகளைப் பொருத்தி, மின்சாரத்தைக் கொடுத்தேன். வரிசை முழுவதும் நீலமாக எழுந்தது. வாட்ச்மேன் ஒருவர் 'அம்மாடி' என்றார். உடனே கரும்புள்ளிகள் தோன்றின. காற்று உள்ளே புகுந்து உலோகப் பூச்சைத் தின்ன ஆரம்பித்திருந்தது. புள்ளிகள் கண்ணெதிரே பெரிதாகின. பிறகு சாருடையவை மாறின. ஓரத்தில் ஒரு வெளிறல், பிறகு பாசி, பிறகு முழுவதும் பச்சை. ஒன்று விடாமல் எல்லாம். என்னுடையவையும் செத்துக்கொண்டுதான் இருந்தன. கரும்புள்ளிகள் அவற்றையும் விடவில்லை. ஆனால் புள்ளிகளுக்கு நடுவே எஞ்சிய இடம் நீலமாக இருந்தது. அந்த இடம் சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை அளவுக்கு வந்த பிறகும் நீலமாகவே இருந்தது.

"அணையுதுடீ" என்றான் அண்ணன் இருட்டிலிருந்து.

"அணையும். எப்பிடி அணையுதுன்னு பாரு."

சார்தான் குனிந்து மிக அருகில் வந்து பார்த்தார். அவர் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மேசையில் விழுந்தது. "என் பொடியையும் கழுவிக் குடும்மா" என்றார்.

விளக்கைப் போட்ட பிறகு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு தடவை தெரிஞ்சது போதாது. மறுபடி பண்ணிக் காட்டணும். அதுக்கு நீ இங்க இருக்கணும். உங்க அண்ணன் இன்னொரு தடவை இந்தக் கதவை உடைச்சா என்னால உன்னை வெச்சுக்க முடியாது. மேல இருக்கறவங்க விட மாட்டாங்க. போலீஸ்ல சொல்லிடலாமா?"

"போலீஸ் அவனைச் சாயங்காலம் விட்டுடும் மேடம். எங்க ஊர்ல வேற சட்டம் இருக்கு. பெட்டியில வைக்காம அலமாரியில எடுத்து வெச்ச என் கண்ணாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குக் கொடுங்க."

அங்கிருந்து நேராகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். என் நெற்றி வீங்கியிருந்ததைப் பார்த்தாள். அதையெல்லாம் அவள் எப்போதும் கேட்டதில்லை.

"அம்மா, அண்ணன் என் வலைய அறுத்துட்டான்."

கத்தி நின்றது. "யாரு வலைய?"

"என்னோட வலைய. நான் வேலை செய்யற சாமானப் பூரா போட்டு ஒடச்சி மிதிச்சிட்டான்."

அம்மா கையைக் கழுவினாள். கூடையைச் சாக்கால் மூடிப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளினாள். வாங்க வந்தவர் மீனைக் கேட்டதற்கு, "வேற கடை பாரு சாமி" என்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டு வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வாட்ச்மேன்கள் அடித்து விரட்டியிருந்தார்கள். அம்மா போன வேகத்தில் செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே அடித்தாள். "தொழில் சாமான்ல கை வச்சியாடா பாவி! உங்கப்பன் கள்ளு குடிச்சான், என்னை ஒதச்சான், ஒருத்தன் வலையத் தொட்டானாடா?"

மறுநாள் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவரை எங்கள் பக்கம் நாட்டார் என்போம். பெண்கள் வட்டத்துக்குள் வரக் கூடாது. அம்மா விளிம்பில் நின்று கத்தினாள்.

"அண்ணன் தங்கச்சிய அடிச்சதுக்கெல்லாம் ஊரக் கூட்டுவியாமே?" என்றார் நாட்டார்.

"அடிச்சதுக்கு எவ கூட்டினா? வலைய அறுத்துட்டான்."

"கண்ணாடித் துண்டுமே அது. அது எப்பிடி வலையாவும்?"

"அதுல மீன் மாட்டுமா, அத்த கேளு மொதல்ல" என்றான் ஒருவன். சிரிப்பு.

நான் வட்டத்துக்குள் நடந்தேன். யாரோ "ஏய், ஏய்" என்றார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கண்ணாடியை வைத்து, கொண்டுவந்த பேட்டரியோடு இணைத்து, மேலே கெட்டித் துண்டைப் போட்டேன். "தலையை உள்ள வுட்டுப் பாருங்க" என்றேன் நாட்டாரிடம். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் குனிந்தார். தலை நெடுநேரம் வெளியே வரவில்லை.

"இன்னா கீது நாட்டாரே?"

"தூரக் கடல்ல கீற நெறம்டா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. வெளியே வந்ததும் என்னைக் கேட்டார், "இத்த நீயா செஞ்சே?"

"நான்தான்."

"எத்தினி நாளு எரியும்?"

"அத்தத்தான் பாத்துகினு குந்தியிருந்தேன். அத்தத்தான் ஒடச்சிட்டான்."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து வாளிக்குள் தலையை விட்டார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். நாட்டார் சொன்னார்: உடைத்ததை அவள் மறுபடி செய்து முடிக்கும்வரை இவன் கடலுக்குப் போகக் கூடாது. அவள் தொழில் செய்யும் இடத்துப் பக்கம் இனி இவன் கால் படக் கூடாது. அவள் தொழிலை நிறுத்து என்று சொல்ல இவனுக்கு வாய் கிடையாது.

"தங்கச்சிய வெச்சி எனுக்குப் பாடை கட்றீங்களாடா?" என்று அண்ணன் நாட்டார் மேல் பாய்ந்தான். நான்கைந்து பேர் அவனைக் கீழே தள்ளினார்கள். உதைத்தார்கள். அவன் வாயில் மணல் போனது. நான் அடித்த தோளிலேயே ஒருவன் மிதித்தான். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். என் கன்னம் வீங்கியபோதெல்லாம் தங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டவர்கள் இதே ஆட்கள். என் கன்னத்துக்கு அங்கே மதிப்பில்லை, கண்ணாடிக்கு இருந்தது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனால் கைக்கு எட்டியது அந்தக் கத்திதான். எடுத்தேன். யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

ஏலக்காரர் வீட்டிலிருந்து, ஊர் நடுவில் வந்து நிற்கிற பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அண்ணன் படகின் நிழலில் உட்கார்ந்து நான் பஸ்ஸுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் தன் துடுப்பையே கோடாலியால் வெட்டிப் பிளந்தான். நல்ல காற்று, நல்ல மீன் வரும் பருவம் அது. எனக்கும் அது தெரியும். நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் ஹைட்ரஜன் தப்பிவிடும்.

ஒவ்வொரு முறையும் காரத்தைப் போட்டு, கரைசல் தண்ணீர் போல நிற்கும்வரை கழுவினேன். சாரின் பொடியையும் கழுவினேன். புதுக் கண்ணாடிகள் தயாரானதும் மேடம் முன்னால் மூடிகளை நாங்களே உடைத்து ஓட்டினோம். கழுவாத பொடி பச்சையானது. கழுவியது நீலமாகவே செத்தது. அன்று மாலை மேடம் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சாருக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன் என்னிடம், "கழுவற கைங்கம்மா உனக்கு" என்றார். அது கேலியா என்று நான் கேட்கவில்லை. நாட்டாரிடம் போய், சாமான் செய்து முடித்துவிட்டேன் என்றேன். மறுநாள் அண்ணன் கடலுக்குப் போனான். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

நான் சேலையூரில் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பிடித்துவிட்டேன். அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது சில நாள் வந்து வாசலில் நிற்பாள், மீன் கொடுப்பாள், உள்ளே வர மாட்டாள். 'உன் வலை எப்பிடிக் கீது' என்று மட்டும் கேட்பாள்.

பாலிமரை விட்டுவிட்டு இப்போது வேறு வகை நீலம் ஒன்றில் இறங்கியிருக்கிறேன். இதில் மின்சாரத்திலிருந்து இன்னும் அதிக ஒளியை எடுக்கலாம். இதற்குள் நடக்கும் அடிதடியும் அதிகம், இதுவரை யாரிடமும் நின்றதில்லை. போன திங்கட்கிழமை அதன் முதல் கண்ணாடிகள் தயாராகின. பாதியை அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். மீதிப் பாதியை மேசையில் வரிசையாக அடுக்கி, இடுக்கியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மூடியாக உடைத்தேன். பிறகு எழுந்து விளக்கை அணைத்துவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தேன்.